கட்டி தானாக உடையும்போது: ஸ்கேனில் தேட வேண்டியவை

சினைப்பையில் கட்டி இருப்பது முன்பே தெரிந்த ஒரு பெண்ணுக்குத் திடீரென்று அடிவயிற்றில் கடும் வலி. அவசரமாக ஸ்கேன் எடுக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன்பு 9 செ.மீ. இருந்த கட்டி இப்போது 6 செ.மீ. என்கிறது ரிப்போர்ட். "கட்டி கரைஞ்சிட்டு வருது, பயப்பட ஒண்ணுமில்ல" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்வதற்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். கரைகிற கட்டி இப்படி வலிக்காது. வலியோடு சேர்ந்து கட்டி சிறுத்திருந்தால், உள்ளே இருந்தது வெளியே கசிந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அப்படி இல்லை என்று உறுதியாகும்வரை அந்த நினைப்பை விடக் கூடாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷினைவிட முதலில் உதவுவது பழைய ஸ்கேன் ரிப்போர்ட்தான். கட்டி முன்பு எவ்வளவு பெரிதாக, எந்த வடிவத்தில், எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிந்தால், இன்றைய படத்தில் என்ன மாறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆகவே சினைப்பைக் கட்டி இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒவ்வொருவரும் ரிப்போர்ட், ஃபிலிம், சிடி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருங்கள். ரிப்போர்ட்டைச் செல்போனில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது பீரோவைத் திறந்து தேட நேரம் இருக்காது.

எவை உடைகின்றன

அடிக்கடி உடைவது உண்மையில் கட்டியே கிடையாது. மாதந்தோறும் முட்டை வெளியேறிய இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற சிறு பை உருவாகும். இயல்பான அந்தப் பை சில சமயம் ரத்தம் நிரம்பி வெடித்துவிடுகிறது. மாதவிலக்குச் சுழற்சியின் பிற்பாதியில், பெரும்பாலும் வலப்பக்கத்தில், உடலுறவுக்கோ கடும் வேலைக்கோ பிறகு இது நடக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஓய்விலேயே சரியாகிவிடும். ஆனால் இதய வால்வு மாற்றிக்கொண்டு வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளைச் சாப்பிடுகிற பெண்களுக்கு இதே சிறு வெடிப்பு உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்காக மாறலாம். அந்த மாத்திரை சாப்பிடுவதை ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

உண்மையான கட்டிகளில் கொழுப்பும் முடியும் நிறைந்த டெர்மாய்டு, பழைய ரத்தம் நிறைந்த சாக்லேட் சிஸ்ட், சளி போன்ற திரவம் நிறைந்த மியூசினஸ் கட்டி, ஹார்மோன் சுரக்கும் கிரானுலோசா செல் கட்டி, இளம்பெண்களுக்கு வரும் யோக் சாக் கட்டி, வயதானவர்களுக்கு அதிகம் வரும் சினைப்பைப் புற்றுநோய் ஆகியவை உடையக்கூடியவை. காம்பு முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் தடைபடுவது, கட்டி மிக வேகமாக வளர்வது, கிருமித் தொற்று, கர்ப்பத்தின்போதும் பிரசவத்தின்போதும் ஏற்படும் அழுத்தம், கீழே விழுவது என்று இதற்குக் காரணங்கள் பல. ஒரு காரணமும் புலப்படாமல் தூக்கத்திலேயே உடைவதும் உண்டு.

வீட்டில் கவனிக்க வேண்டியது

வலி பெரும்பாலும் ஒரு பக்கத்தில் சுருக்கென்று தொடங்கி வயிறு முழுக்கப் பரவும். வாந்தி வரும். வயிறு உப்பிக் கனக்கும், தொட்டாலே வலிக்கும். எழுந்து நின்றால் கண் இருட்டும். இன்னொரு அறிகுறியைப் பலர் கவனிப்பதில்லை. மல்லாந்து படுத்ததும் தோள்பட்டை நுனியில் வலி எடுக்கும். வயிற்றில் கசிந்த ரத்தமோ திரவமோ உதரவிதானத்தைத் தொட்டு உறுத்தும்போது, அதே நரம்பு வழியாக அந்த வலி தோளில் உணரப்படுகிறது. அடிவயிற்று வலியும் தோள் வலியும் சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள், 108-க்கு அழையுங்கள்.

நம் வீடுகளில் இந்த வலிக்கு வாயுப் பிடிப்பு, சூட்டு வலி என்று பெயர் வைத்து, விளக்கெண்ணெய் தடவி வயிற்றை நீவிவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பாதி கிழிந்த உறை முழுதாகக் கிழிய அந்த ஒரு நீவலே போதும். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று பார்ப்பதும் தவறு. அவசர ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் காபி, இளநீர், இட்லி எதுவும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் சரியாக இருப்பதாக முதல் டெஸ்ட் சொன்னாலும் அதை முழுதாக நம்பிவிடக் கூடாது. ரத்தம் வேகமாகக் கசியத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் அந்த எண் குறைவதில்லை. நாடித்துடிப்பு ஏறுகிறதா, ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்பதுதான் முதலில் உண்மையைச் சொல்லும். சில மணி நேரம் கழித்து ஹீமோகுளோபினைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்கேனுக்கு முன் ஒரு டெஸ்ட்

பிள்ளை பெறும் வயதில் உள்ள எந்தப் பெண்ணுக்கும் இந்த வலி வந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தாலும் வயிற்றில் ரத்தம் சேரும். அல்ட்ராசவுண்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும், சிகிச்சையோ வேறு. திருமணமாகாத பெண்ணிடம் இதை எப்படிக் கேட்பது என்று தயங்கி டெஸ்ட்டையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா, அம்மா, அண்ணனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாகச் செய்யும் டெஸ்ட் இது என்று அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொன்னால் போதும். உறவினர்களும் இதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஒரு டெஸ்ட் இல்லாமல் பின்னால் எடுக்கும் எந்த ஸ்கேனையும் சரியாகப் படிக்க முடியாது.

அல்ட்ராசவுண்டு எதுவரை உதவும்

சினைப்பைக் கட்டிக்கும் அல்ட்ராசவுண்டுக்கும் பழைய உறவு உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவருடைய குழுவினரும் 1958-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறையின் தொடக்கங்களில் ஒன்று. முற்றிய வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, உண்மையில் இருந்தது பெரிய சினைப்பை நீர்க்கட்டி என்று அவர்களுடைய கருவி காட்டியது. கட்டியை அகற்றியதும் அவர் பிழைத்துக்கொண்டார்.

இன்றும் முதலில் எடுக்க வேண்டியது அல்ட்ராசவுண்டுதான். கதிர்வீச்சு இல்லை, படுக்கையருகிலேயே எடுக்கலாம். இதில் மூன்று விஷயங்களைத் தேட வேண்டும். ஒன்று, கட்டியின் வடிவம்: உருண்டு விறைப்பாக இருந்த சுவர் தொய்ந்து, மடிப்பு மடிப்பாக, எங்கோ விட்டுப்போய்த் தெரிகிறதா. இரண்டு, கருப்பைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் திரவம் தேங்கியிருக்கிறதா, அது தெளிவாக இருக்கிறதா அல்லது புள்ளி புள்ளியாகக் கலங்கித் தெரிகிறதா. மூன்றாவதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். இடுப்போடு நிறுத்தாமல் புரோபை மேலே கொண்டுபோய்க் கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே பார்க்க வேண்டும். அங்கேயும் திரவம் இருந்தால் கசிவு சிறியதில்லை. "பெல்விஸ் மட்டும்" என்று சீட்டு எழுதியிருந்தாலும், "மேல் வயிறும் பாருங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.

சில ரிப்போர்ட்டுகளில் "மைல்டு ஃப்ரீ ஃப்ளூயிட் இன் பி.ஓ.டி." என்று ஒரே வரி இருக்கும்; கருப்பைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் சிறிது திரவம் என்று அதற்குப் பொருள். முட்டை வெளியேறும் நாட்களில் ஆரோக்கியமான பெண்ணுக்கும் அந்தப் பள்ளத்தில் சிறிது திரவம் இருக்கும் என்பதால் பலரும் அந்த வரியைப் படித்துவிட்டுக் கடந்துபோய்விடுகிறார்கள். தெரிந்த கட்டியும் கடும் வலியும் இருக்கும்போது அந்த வரி போதாது. திரவம் தெளிவா கலங்கலா, கட்டியை ஒட்டி உறைந்த ரத்தம் இருக்கிறதா, கட்டியின் சுவர் முழுதாக இருக்கிறதா என்பவற்றையும் அந்த ரிப்போர்ட் சொல்ல வேண்டும்.

அல்ட்ராசவுண்டுக்கு எல்லை உண்டு. வயிறு உப்பிக் குடலில் காற்று நிறைந்திருந்தால் ஒலியலை உள்ளே போகாது. டெர்மாய்டில் உள்ள கொழுப்பும் முடியும் ஒலியலையை மறித்து, குடல் காற்றைப் போலவே ஏமாற்றும். வயிற்றுக்குள் சிதறிய கொழுப்புத் துளிகள் அங்கே இயல்பாக இருக்கும் கொழுப்போடு கலந்து மறைந்துவிடும். இந்த இடத்தில்தான் சிடி தேவைப்படுகிறது.

சிடி படத்தின் எண்கள்

சிடி ஸ்கேன் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் தருகிறது. இந்தக் கருவியை உருவாக்கி 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அதை ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்கிறோம். தண்ணீருக்குப் பூஜ்யம். கொழுப்பு அதற்குக் கீழே, மைனஸ் 100-ஐ ஒட்டி வரும். உறையாத ரத்தம் 30 முதல் 45 வரை, உறைந்த ரத்தம் அதற்கும் மேலே. கசிந்தது என்ன என்று வயிற்றைத் திறக்காமலே சொல்ல உதவுவது இந்த எண்தான். "திரவம் உள்ளது" என்று மட்டும் எழுதாமல் அதன் அடர்த்தி எண்ணையும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதில் நம் ஊருக்கு முக்கியமான ஓர் எச்சரிக்கை உண்டு. ரத்தசோகை உள்ள பெண்ணின் ரத்தம் நீர்த்திருப்பதால் அதன் எண் 30-க்கும் கீழே இறங்கும். அதைப் பார்த்துவிட்டு "ரத்தம் இல்லை, வெறும் நீர்" என்று முடிவுகட்டினால் ஆபத்து. அந்த மாதிரி நேரத்தில் உறைந்த ரத்தக் கட்டி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். ரத்தம் வந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அது முதலில் உறையும் என்பதால், அடர்த்தி மிகுந்த அந்தப் பகுதி எந்தச் சினைப்பையை ஒட்டியிருக்கிறதோ அங்கிருந்துதான் கசிவு. நரம்பு வழியாகக் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும்போது, அந்த மருந்தே ரத்தக் குழாயிலிருந்து வெளியே பீறிட்டுத் தெரிந்தால் ரத்தம் இன்னும் நிற்கவில்லை. அதற்குமேல் படம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்ய வேண்டும்.

டெர்மாய்டு உடையும்போது

டெர்மாய்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்கேனில் உடைப்பை மிகத் தெளிவாகக் காட்டுவதும், சந்தேகிக்காவிட்டால் எளிதாக ஏமாற்றுவதும் அதுதான். இளம் வயதில் வரும் சாதாரணக் கட்டி இது. உள்ளே கொழுப்பு, முடி, சில சமயம் பல்கூட இருக்கும். அந்தக் கொழுப்பு உடல் சூட்டில் நெய்போல உருகி நிற்கும், வெளியே எடுத்தால் உறையும். உறை தடிமன் என்பதால் உடைவது அரிது, நூற்றில் 1 முதல் 4 பேருக்குத்தான். உடைந்துவிட்டால் அந்தக் கொழுப்பு வயிற்றின் உட்சவ்வைக் கடுமையாகப் புண்ணாக்கும்.

கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. மல்லாந்து படுத்திருக்கும் பெண்ணின் வயிற்றில் திரவம் முதுகுப் பக்கம் தேங்கும், கொழுப்போ மேலே மிதந்து வரும். அதனால் இடுப்பில் உடைந்த கட்டிக்கான சாட்சி, இடுப்புக்கு வெகுதூரத்தில் வலது உதரவிதானத்துக்கும் கல்லீரலின் முன்பக்கத்துக்கும் இடையே கிடைக்கும். சிடி படத்தில் சாம்பல் நிறக் கல்லீரலின் ஓரத்தில் கறுப்பாக, மிளகு அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ உருண்டையான துளிகள் தெரியும். சில இடங்களில் திரவத்துக்கு மேலே கொழுப்பு தட்டையாகப் படிந்து நேர்கோடு போட்டதுபோல் இருக்கும். வழக்கமான வயிற்றுப் படத்தின் சாளரத்தில் இந்தக் கறுப்பும் காற்றின் கறுப்பும் ஒன்றாகத் தெரியலாம். குடல் ஓட்டையாகிவிட்டது என்று தவறாக நினைக்காமல் இருக்க அடர்த்தி எண்ணை அளந்து பார்க்க வேண்டும். காற்று மைனஸ் 1000-ஐ ஒட்டி வரும், கொழுப்பு மைனஸ் 100-ஐ ஒட்டி நிற்கும். கல்லீரல் உறையில் தனியாக ஒட்டியிருக்கும் ஒரு கொழுப்பு முடிச்சு சிலருக்கு எந்த நோயும் இல்லாமலே உண்டு. பழைய படத்திலும் அது அதே இடத்தில் இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

ஒரே நாளில் வெடிக்காமல் பல வாரங்களாகச் சிறிது சிறிதாகக் கசியும் டெர்மாய்டு இன்னொரு விதமாக ஏமாற்றும். வயிற்றில் நீர் கோத்து, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரை தடித்துவிடும். சிஏ-125 ரத்தப் பரிசோதனை எண்ணும் ஏறும். பார்ப்பதற்கு வயிற்றுக் காசநோய் போலவோ பரவிய புற்றுநோய் போலவோ இருக்கும். காசநோய் அதிகமுள்ள நாட்டில் சந்தேகம் உடனே அந்தப் பக்கம் போவது இயல்புதான். ஆனால் மாதக்கணக்கில் மருந்து சாப்பிடச் சொல்லுமுன், அந்த சிடி படத்தில் சினைப்பையில் கொழுப்புள்ள கட்டி இருக்கிறதா, வயிற்றில் கொழுப்புத் துளிகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை தேடியாக வேண்டும்.

எம்ஆர்ஐ எப்போது

உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோதும், கர்ப்பிணிகளுக்கும் எம்ஆர்ஐ நல்ல வழி. சாக்லேட் சிஸ்ட்டில் இருக்கும் பழைய ரத்தமும் டெர்மாய்டில் இருக்கும் கொழுப்பும் டி1 என்ற வகைப் படத்தில் இரண்டுமே வெள்ளையாகத் தெரியும். கொழுப்பை அடக்கும் முறையில் திரும்ப எடுத்தால் டெர்மாய்டு கறுத்துவிடும், சாக்லேட் சிஸ்ட் வெள்ளையாகவே நிற்கும். வயிற்றில் சிந்திய திரவத்துக்கும் இதே சோதனை பொருந்தும். சாக்லேட் சிஸ்ட் உடைந்தால் சிஏ-125 பல ஆயிரத்தைத் தொடுவதுண்டு. வழக்கமாக 35-க்குள் இருக்க வேண்டிய எண் என்பதால் அதைப் பார்த்ததும் குடும்பமே கதிகலங்கிப்போகும். உடைப்பு நேரத்தில் எடுத்த அந்த எண்ணை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவு செய்யாதீர்கள்.

கர்ப்பிணிக்குக் கான்ட்ராஸ்ட் இல்லாமலே எம்ஆர்ஐ எடுப்பார்கள். ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது, எம்ஆர்ஐ கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்றால், கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காக சிடியை மறுக்க வேண்டாம். ஒருமுறை எடுக்கும் வயிற்று சிடியில் குழந்தைக்குச் சேரும் கதிர்வீச்சு பொதுவாக 50 மில்லிகிரே என்ற எச்சரிக்கை அளவுக்குக் கீழேதான் இருக்கும். தாயின் உயிரே போய்விடும் ஆபத்து அதைவிடப் பலமடங்கு பெரியது.

உறை கிழிந்ததா என்பது ஏன் எழுதப்பட வேண்டும்

உடைந்தது புற்றுக்கட்டியாக இருந்தால் இந்தக் கேள்வி சிகிச்சையையே மாற்றும். ஃபிகோ என்ற உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2014-இல் திருத்திய நிலைப் பட்டியலின்படி, சினைப்பைக்குள்ளேயே அடங்கிய புற்றுநோய் முதல் நிலை. அதில் ஆபரேஷனின்போது உறை கிழிந்தால் 1சி1. ஆபரேஷனுக்கு முன்பே கிழிந்திருந்தாலோ கட்டி சினைப்பையின் மேற்பரப்புக்கு வந்திருந்தாலோ 1சி2. வயிற்று நீரில் புற்றுசெல் இருந்தால் 1சி3. பிறகு கீமோதெரபி வேண்டுமா என்ற முடிவில் இந்த வேறுபாடும் கணக்கில் சேரும். கத்தி வைப்பதற்கு முன்பே கிழிந்திருந்ததா என்பதற்குக் கையில் இருக்கும் எழுத்துச் சான்று அன்றைய ஸ்கேன் ரிப்போர்ட்தான்.

மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்குத் திரும்ப உதிரம் பட்டு, கருப்பையின் உட்சுவர் தடித்து, கூடவே ரத்தம் நிறைந்த பல அறைகள் கொண்ட கட்டி வெடித்திருந்தால் கிரானுலோசா செல் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். பதின்வயதுப் பெண்ணுக்கு வேகமாக வளர்ந்த கட்டி கிழிந்திருந்தால் ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும், யோக் சாக் கட்டியில் அது மிக அதிகமாக இருக்கும். ரத்த மாதிரியை ஆபரேஷனுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். புற்று என்ற சந்தேகம் இருக்கும் கட்டியில் ஊசி குத்தி நீர் எடுக்க யாராவது சொன்னால், பெண்கள் புற்றுநோய் அறுவை மருத்துவர் ஒருவரைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

மியூசினஸ் கட்டி உடைந்து வயிறெங்கும் சளி பரவியிருந்தால் குடல்வாலையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நிலைக்குக் காரணம் பெரும்பாலும் குடல்வாலில் தொடங்கிய கட்டியாகவே இருக்கிறது.

பிறகு

கார்பஸ் லூட்டியம் வெடித்து, ரத்தம் நின்று, நாடித்துடிப்பு நிலையாக இருந்தால் ஆபரேஷன் இல்லாமலே கண்காணிப்பார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து அந்த இடம் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வலி போய்விட்டது என்று அதை விட்டுவிடாதீர்கள். டெர்மாய்டு உடைந்திருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது. கட்டியை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான சலைன் நீரை நிறைய விட்டு வயிற்றைப் பலமுறை கழுவ வேண்டும். லேப்ராஸ்கோபியா, வயிற்றைத் திறந்தா என்பதை அறுவை மருத்துவர் அங்குள்ள வசதியையும் கசிவின் அளவையும் வைத்து முடிவு செய்வார். பிள்ளை பெற விரும்பும் பெண்ணாக இருந்தால், சினைப்பையை முடிந்தவரை காப்பாற்ற வேண்டும் என்ற விருப்பத்தைத் தியேட்டருக்குப் போகுமுன் சம்மதப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

எடுத்த கட்டியும் வயிற்று நீரும் கட்டாயம் பயாப்சிக்கும் செல் பரிசோதனைக்கும் போக வேண்டும். அந்த ரிப்போர்ட் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் வரும், தையல் பிரித்ததோடு அதை வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். டெர்மாய்டு பத்தில் ஒருவருக்கு இரண்டு பக்கமும் வரும் என்பதால் மற்றச் சினைப்பையின் நிலை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கி, அடுத்த ஸ்கேன் தேதியையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.